தலையணைக்கு அடியில் தொலைபேசி

“டெலிபோனுக்குக் குளிருதாம்மா?” என்று என் மகள் முன்பொரு நாள் கேட்டாள். லெனின்கிராட்டில் பல குடும்பங்கள் சேர்ந்து புழங்கும் இந்தப் பொதுச் சமையலறையில் இன்று மாலையும் அது தலையணைக்கு அடியில்தான் கிடக்கிறது. அதன் வழியே போலீஸ் ஒட்டுக்கேட்கும் என்று பயம்; அந்தக் காதை அடைத்துவிட்டுத்தான் நாங்கள் சிரிப்பது வழக்கம். ஜன்னலில் பனி பூத்திருக்கிறது. முட்டைக்கோஸ் சூப்பின் ஆவிக்குள் விளக்கு மஞ்சள் பந்தாக மிதக்கிறது. நான் கரண்டியோடு கையை நீட்டிச் சிலைபோல் நிற்கிறேன். “சதுக்கத்துல சிலையா நிக்கிற நம்ம தலைவர் இப்படிக் கையை நீட்டிக்கிட்டு என்ன கேக்குறாரு, சொல்லுங்க பாப்போம்?”

கதவு திறக்கிறது. கையில் தேநீர்க் கெண்டியோடு அர்தெமி சவ்விச் நிற்கிறார். புதிதாகக் குடிவந்தவர், போலீசுக்குத் தகவல் சொல்கிறவர் என்று எங்களுக்குள் பேச்சு. என் கை அந்தரத்திலேயே நிற்கிறது. இப்படியொரு வேடிக்கைப் பேச்சுக்காகத்தான் என் அண்ணனைக் கைதிகளின் உழைப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். குழாய் சொட்டுவது கேட்கிறது. அவர் கெண்டியை அடுப்பில் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமுகிறார்.

“இதுகூடத் தெரியலியா? ‘ரொட்டி வரிசையில கடைசி ஆள் யாருங்க?’ன்னு கேக்குறாரு.”

“அட பாவி மனுஷா! எங்களுக்கு உயிரே போயிடுச்சு!” என்று பக்கத்து அறை லுக்கேரியா அவர் முதுகில் துண்டால் அடிக்கிறாள். பாத்திர மூடிகள் அதிர, சமையலறையே சிரிக்கிறது. தன் கழுத்தையும் எங்கள் கழுத்துகளோடு கத்திக்கு அடியில் சேர்த்து வைத்த மனிதர், காது சிவக்க, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறார்.

எல்லோரும் அறைகளுக்குத் திரும்பியதும் வாளியில் தண்ணீர் பிடிக்கிறேன். இந்த வாரம் பொதுத் தரையைக் கழுவும் முறை அர்தெமி சவ்விச்சுடையது. முழந்தாளிட்டு, மூலை முடுக்கெல்லாம் துடைத்து முடிக்கிறேன். கடவுளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. தொலைபேசி இன்னும் தலையணைக்கு அடியில் தூங்குகிறது.