கரண்ட் போன இடம்

ரசம் ஊற்ற வந்தபோது மேலே கிட்டார் தொடங்கியது.

அவள் கை இலையில் நின்றது.

கல்யாண மண்டபத்து மாடியில் வரவேற்பு. கீழே பந்தி. பாட்டு படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது. பழைய பாட்டு. ஓடாத படம். சீட்டு எழுதிக் கொடுத்துப் பாடச் சொல்கிற பாட்டு அல்ல.

பல்லவி முடிந்ததும் எலெக்ட்ரிக் கிட்டார் சோலோ.

அவளுக்கு அது மனப்பாடம். அண்ணன் பல் துலக்கிக்கொண்டே வாயால் வாசிப்பான்.

நல்ல சோலோக்கள் நிறைய இருந்தன. அண்ணன் அவற்றை வரிசைப்படுத்துவான். வேகத்துக்கு ஒன்று. அழுகைக்கு ஒன்று. சும்மா மிரட்டுவதற்கு ஒன்று. வரிசை வாரம் ஒருமுறை மாறும். முதல் இடம் மட்டும் மாறாது, அது இந்தச் சோலோவுக்கு.

அதை ரேடியோவிலிருந்து டேப்பில் பிடித்தார்கள். மூச்சு விடாதே என்று விரலைக் காட்டினான். கடைசிச் சுரத்தில் கரண்ட் போனது. டேப் தளர்ந்து நின்றது.

கரண்ட் வந்ததும் போட்டுக் கேட்டார்கள். டேப் தளரும்போது பதிந்த அந்தச் சுரம் விசுக்கென்று மேலே ஏறி, உச்சியில் அறுந்தது.

பிறகு ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாததை அண்ணன் கண்ணை மூடிக் கேட்டான்.

தன் கிட்டாரில் அப்படியே வாசிக்கப் பழகினான். கம்பி அறுந்துவிடும் அளவுக்கு இழுப்பான். உள்ளங்கையால் அடித்து நிறுத்துவான். வீடு கொஞ்ச நேரம் மிதக்கும். மற்ற சோலோக்கள் முடிந்துவிடும், இது மட்டும்தான் நம் தலையில் வந்து முடியும் என்பான்.

ஒருநாள் டிவியில் அந்தப் பாட்டு வந்தது. சுரம் ஏறவில்லை. சமர்த்தாகக் கீழே இறங்கி, வீணைக்கு இடம் விட்டுப் போனது.

"அவங்க தப்பா வாசிச்சுப்போட்டாங்க புள்ள," என்றான்.

பாலிடெக்னிக்கை விட்டான். அப்பா கிட்டாரைத் துவைக்கிற கல்லில் அடித்தார். அன்று போனவன்தான்.

அப்பாவுக்குப் பிறகு வீட்டை விற்று ஊர் மாறினார்கள். அவன் திரும்பி வந்திருந்தாலும் தட்டுவதற்குக் கதவு இல்லை. உயிரோடு இருந்தால் எப்படியாவது வந்திருப்பான் என்று சொந்தங்கள் சொன்னார்கள். வருஷக்கணக்கில் சொன்னார்கள். போன தையில் அவளும் சொன்னாள்.

அம்மா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்தாயிற்று. அவன் படம்தான் இன்னும் சட்டம் போட்டு வரவில்லை.

மேலே சோலோ கடைசிச் சுரத்துக்கு வந்தது.

ஏறியது.

இன்னும் ஏறியது.

அறுந்தது.

மண்டபம் மிதந்தது. ரச வாளி, கரண்டி, எதிர்வரிசையில் மெல்லுகிற வாய்கள், எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன. சத்தமே இல்லை.

அவள் எழுந்தாள்.

"ஏம்புள்ள, பந்தியில பாதில எந்திரிக்கிற?" கணவன் இலையிலிருந்து நிமிரவில்லை. "வரிசையே பாக்குது. உக்காரு. பாயசம் வேற இருக்குது."

சோற்றுக் கையை விரித்துப் பிடித்தபடி படி ஏறினாள். ஏற ஏற அண்ணனுக்கு வயது கூடியது. நரை வந்தது. தொப்பை வந்தது. கண்ணாடி வந்தது. கடைசிப் படியில் அவனை முழுதாகச் செய்து முடித்திருந்தாள்.

மேடையில் கிட்டாரோடு நின்றவனுக்கு இருபது வயது இருக்கும். தாடி இன்னும் கூடிவரவில்லை.

வேறு யாரோ.

பாட்டு முடிந்தது. பாடகர்கள் தண்ணீர் குடிக்க ஒதுங்கினார்கள். அவன் மேடை ஓரத்தில் வந்து உட்கார்ந்தான். எதிரே நிற்பவளைப் பார்த்தான்.

"கை கழுவுற எடம் கீழீங்க்கா."

"கடைசில ஏன் அப்படி இழுத்த?"

"ஒரிஜினல்ல அப்படி இல்லைம்பீங்க. தெரியுமுங்க்கா. போற எடத்துலெல்லாம் இதுக்குத் திட்டு வாங்கறேன்." துணியால் கம்பியைத் துடைத்தான். "எங்கப்பா சொல்லிக்குடுத்தது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இதை ஒருவாட்டி வாசிக்கோணும், இப்படித்தான் வாசிக்கோணும்னு சத்தியம் வாங்கிட்டாருங்க."

"எதுக்கு?"

"கேட்டுட்டு ஒரு ஆளு எந்திரிச்சு வருமாமுங்க." சிரித்தான். "இதுவரைக்கும் திட்டறவங்கதான் வந்தாங்க."

பிறகு அவள் கையைப் பார்த்தான். விரல்களில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

சிரிப்பு நின்றது.

"அக்கா, நீங்க..."

அக்கா இல்லை. முறை வேறு. அவள் திருத்தவில்லை.

அவன் போனை எடுத்தான். முதல் தடவை தவறாக அழுத்தினான். மறுபடி அழுத்தினான்.

"அப்பா, ஒருத்தங்க வந்திருக்காங்க. பந்தியில இருந்து. கைகூடக் கழுவுல."

காத்திருந்தான். போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தான்.

"கட்டாகலைங்க. பேசத்தான் மாட்டேங்கறாரு."

அவள் இடது கையால் வாங்கிக் காதில் வைத்தாள். அழுத்திப் பிடித்தாள்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

அடுப்பை அணைக்கச் சொல்லி ஒரு பெண் உள்ளிருந்து கத்தினாள்.

மறுபடி விசில்.

யாரும் நகரவில்லை.