ஒரு வரி விளக்கம்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. என் மனைவியின் கண் அறுவைக்குக் குறித்திருந்த நாள், ஒருவர் எழுதாமல் விட்ட ஒரு வாக்கியத்தால் பறிபோயிருக்கிறது.

கண் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் குழல்விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிகிறது. சன்னலுக்கு வெளியே மழை. என் மனைவிக்கு அது வெறும் சாம்பல் நிறப் புகை. சொட்டு மருந்துக் குப்பியை மடியில் உருட்டிக்கொண்டிருக்கிறாள். “மத்தியானம் வரலாமான்னு நேத்து போன்ல கேட்டீங்களாம்மா,” என்கிறாள் முகப்பில் இருக்கும் பெண். “பதில் சொன்னது ஏஐ. உடனே கம்ப்யூட்டர்ல நாள் மாத்துற கருவிய ஓட்டியிருக்கு. அந்தக் கருவி இருக்கிற இடத்த விட்டுட்டுத்தான் புதுசு தேடும். புதுசு கெடைக்கல, பழசு வேற ஆளுக்குப் போயிடுச்சு. இனி நாலு மாசம் ஆகும்.” என் மனைவி சிரிக்கிறாள். “கேள்வி கேட்டா எங்க வாத்தியாருகூட பெஞ்சு மேலதான் ஏத்துவாரு. நீங்க வீட்டுக்கே அனுப்புறீங்களே!” சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. முகப்புப் பெண் கூப்பிட்டு வந்த மருத்துவமனைக் கணினிப் பொறியாளர் திரையை என் பக்கம் திருப்புகிறார். ஏஐ படித்துத் தெரிந்துகொள்வதற்காக அந்தக் கருவியைப் பற்றி அவர் எழுதிய விளக்கம் ஒரே வரி: ‘நோயாளியின் அறுவை நாளை மாற்றும்.’ “பழைய இடம் போயிடும்னு எங்க எல்லாருக்கும் தெரியும் சார். அதான் எழுதல,” என்கிறார். “எழுதாதத அது எங்கேருந்து தம்பி படிக்கும்?” என்கிறேன். என் மனைவி எழுந்து, கதவென்று நினைத்துச் சுவரைத் தடவுகிறாள்.

கருவிக்கு விளக்கம் எழுதுகிறவரே, உங்கள் கருவி எதைத் தரும் என்று எழுதிய கையோடு, எதை எடுத்துக்கொள்ளும் என்பதையும் எழுதுங்கள். எழுதி முடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.