ஆடு தின்ற கீரை

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற நடனசபாபதி, தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார். தெருவே அதிரப் பேசுகிற மனுஷனுக்கு இன்று இத்தனை மரியாதையா என்று சலீமா பீவிக்கு ஆச்சரியம்.

"தங்கச்சி, ஒங்க கொல்லைக் கீரையைத் தொட்டுடாதீங்க. ஒங்க வூட்டு ரஃபியுதீன் பாய் லாரி பேட்டரியை ஒடைச்சு ஒடைச்சு, அந்த மண்ணு பூரா காரீயமாம். கீரையிலயும் ஏறிடுச்சாம். கடலூரு டாக்டரே சொன்னாரு."

"தின்னா என்னண்ணே ஆவும்?"

"வயித்தை முறுக்கி எடுத்துடும். ஈறு ஓரமா நீலக் கோடு வுழும். பெரியவங்களுக்கு மருந்துல சரியாப் போயிடுமாம். புள்ளைங்க தின்னா மூளைக்கே கேடாம். மனசு கேக்கல, ஓடியாந்தேன்."

சலீமாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"நல்லா இருங்கண்ணே. அது தானா மொளைச்சது. பேட்டரித் தண்ணி ஊத்துற எடமாச்சேன்னு நாங்க பறிக்கிறதே இல்ல. சந்தையில அஞ்சு நயா பைசாவுக்கு வாங்கித்தான் கடையிறோம். ஆனா காலையில பாத்தா கொழுந்தெல்லாம் காணாம போயிருக்கும். இந்த ஆட்டு வேலைதான்னு இன்னிக்கு ரெண்டு சாத்து சாத்திக் கட்டிப் போட்டேன். பாவம், அதையும் டாக்டர்கிட்ட காட்டணும்."

"வேணாம் தங்கச்சி. அது ஒரு இலைகூடத் தின்னிருக்காது."

"அதெப்புடிண்ணே அவ்ளோ உறுதியா சொல்றீங்க?"

நடனசபாபதி அசடு வழியச் சிரித்தார். துண்டு நழுவியது.

ஈறு ஓரம் நெடுக நீலக் கோடு.