கொக்கைப் பார்த்தது யார்?

நாடகம் தொடங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. முன்வரிசையில் இருந்த உத்தமன் எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். நாடகம் எழுதிய பாலகுமார் படுதா ஓரத்திலிருந்து அதை எட்டிப் பார்த்தான்.

ஜீவனஹள்ளியின் அந்தத் தெருவில் உத்தமன் வைத்ததுதான் சட்டம். "நம்ம வீடுங்களை இடிக்க புல்டோசர் வருது. நான் இருக்கிற வரைக்கும் கிட்ட வராது" என்று சொல்லிச் சொல்லியே பத்து வருஷமாகச் சங்கத் தலைவராக இருக்கிறார். போன மாதக் கூட்டத்தில் இட்லி வண்டி சந்திரம்மா எழுந்து, "அந்த புல்டோசரை யாராச்சும் கண்ணால பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டாள். மறுநாள் காலையில் ஒரு லாரி வந்து அவள் வண்டியை அள்ளிக்கொண்டு போனது.

அதைப் பார்த்த பிறகாவது பாலகுமார் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தெருமுனையில் ஒரு எஸ்.டி.டி. பூத் உண்டு, அதை நம்பித்தான் குடும்பம். இவனை யார் நாடகம் எழுதச் சொன்னார்கள்? பிள்ளையார் பந்தல் நாடகம்தானே, பாம்பும் தவளையும் பேசுகிற கதைதானே, யாருக்குப் புரியப் போகிறது என்று நினைத்தான். எல்லோருக்கும் புரிந்தது.

மேடையில் தெருப் பையன் ஓஸ்வால்ட் பாம்பு வேஷத்தில் நின்றான். ஏரித் தவளைகளுக்கு அந்தப் பாம்புதான் காவல். "கொக்கு வருது!" என்று அது தினமும் கத்தும், தவளைகள் அலறிக்கொண்டு பொந்துக்குள் ஓடும், வெளியே வரும்போது ஒன்றிரண்டு குறையும். பழி கொக்கின் மேல் விழும்.

ஒரு குட்டித் தவளை எழுந்து நின்றது. "அந்தக் கொக்கை யாராச்சும் பாத்திருக்கீங்களா?"

பந்தலில் குபீரென்று சிரிப்பு எழுந்தது. சந்திரம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். சிரித்த முகங்களை உத்தமன் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

ஓஸ்வால்ட் குரலைத் தாழ்த்தினான். "பாத்தவங்க யாரும் உயிரோட திரும்பலையே, கண்ணு!"

சிரிப்பு பட்டென்று நின்றது. சின்னப் பிள்ளைகள் அம்மாவைக் கட்டிக்கொண்டார்கள். பெரியவர்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உத்தமன் அப்போதும் மேடைப் பக்கம் திரும்பவில்லை, ஜனங்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் யார் சிரிச்சாங்கன்னு பாக்கறாருங்க," பாலகுமாருக்குப் பின்னால் நின்ற அவன் மனைவி வனஜா கிசுகிசுத்தாள். "காலையில நம்ம பூத் இருக்காது. முடிஞ்ச கையோட போய் கால்ல விழுந்துடுங்க."

குட்டித் தவளை பாம்பின் வீங்கிய வயிற்றைத் தொட்டுக் காட்டியதோடு நாடகம் முடிந்தது. கைதட்ட ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. படுதா விழுவதற்குள் உத்தமனின் ஆள் வந்து நின்றான்.

"அண்ணன் ஆபீசுக்கு வரச் சொன்னாரு. தனியா."

சங்க ஆபீஸ் பந்தலுக்குப் பின்னால்தான். பாலகுமார் நேரே அங்கே போனான். உள்ளே போனதும் உத்தமன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"அண்ணே, சத்தியமா சும்மா வெளையாட்டுக்கு எழுதினது. உங்களை மனசுல வெச்சு எழுதலைண்ணே."

"என்னை வெச்சுதான் எழுதின. எனக்குத் தெரியாதா?"

பாலகுமார் கையைக் கூப்பினான். "பூத்தை மட்டும் விட்டுடுங்கண்ணே. வேற பொழப்பு இல்ல."

"பூத் எங்கயும் போவாது. உக்காருப்பா."

உத்தமன் தன் கையாலேயே ஃப்ளாஸ்கிலிருந்து டீ ஊற்றி நீட்டினார். அவர் கத்தியிருந்தால்கூட பாலகுமார் அவ்வளவு பயந்திருக்க மாட்டான். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"அன்னிக்கு சந்திரம்மா கேட்டப்போ எனக்கு பதில் தெரியலப்பா. அத்தனை பேர் முன்னால முழிச்சேன். அதனாலதான் வண்டியைத் தூக்க வேண்டியதாப் போச்சு." உத்தமன் உண்மையாகவே வருத்தப்பட்டார். "உன் பாம்பு சொல்லிச்சே, 'பாத்தவங்க யாரும் உயிரோட திரும்பல'ன்னு, அது மட்டும் அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருந்தா! ஒரு வார்த்தையில மொத்த பந்தலும் கப்சிப். நானே ஒவ்வொரு மூஞ்சியா பாத்தேன்."

பாலகுமாருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"எலெக்‌ஷன் வருது. புல்டோசர்னா இப்போ ஜாஸ்தி யாரும் பயப்படறதில்ல." உத்தமன் அவன் தோளில் பாசமாகக் கையைப் போட்டார். "புதுசா யாரைக் காட்டி ஜனங்களை பயமுறுத்தலாம்?"

ஜன்னலுக்கு வெளியே, வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த தெரு ஜனங்களை உத்தமன் கையால் காட்டினார்.

"இவங்கள்ல நீயே ஒரு பேர் சொல்லு."