பச்சை வீட்டின் கேள்வி

மேகலை சக்கரம் வைத்த ஒரு பச்சை வீடு. பகலெல்லாம் ஊர் ஊராக ஓடிவிட்டு, சாயங்காலம் ஏரிக்கரைக்கு வந்து நிற்கும். இன்னும் இரண்டு சக்கர வீடுகளும் அங்கே வந்து சேரும். நுங்கு என்ற வீட்டுக்குள் குட்டி அடுப்பு ஒன்று உண்டு. தூறல் என்ற வீட்டின் கூரையில் வானம் பார்க்கும் ஜன்னல் உண்டு.

பார்த்ததுமே மேகலை கேட்கும்: "எந்த வழியா வந்தீங்க?"

நுங்கு, தன்னோடு சேர்ந்து திரும்பிய சூரியகாந்திகளைப் பற்றிச் சொல்லும். தூறல், ஜன்னல் வழியே உள்ளே வந்து தூங்கிப்போன மேகத்தைப் பற்றிச் சொல்லும். கேட்கக் கேட்க மேகலைக்கு ஆசை பெருகியது.

"நுங்கு, என் பின்னால மாட்டிக்கோயேன். இழுக்கிறது என் பாடு. நீ சும்மா வந்தா போதும்."

நுங்கின் சக்கரங்கள் தேய்ந்திருந்தன. "சரிக்கா" என்றது.

அடுத்த வாரம் தூறலும் கொக்கியில் மாட்டிக்கொண்டது. மேகலை இரண்டுக்கும் பச்சை பூசி, தன் பெயரை எழுதியது. மூன்றும் ஒரே நீள வீடாகப் பனிக்குள் மிதந்து போயின. "எம்மாம் பெரிசு!" என்று வழியெல்லாம் மரங்கள் வாய் பிளந்தன.

சாயங்காலம் ஏரிக்கரை வந்தது. தண்ணீரில் வானம் மெல்ல ஆடியது. அடுப்பில் டீ கொதித்தது. ஜன்னலில் முதல் நட்சத்திரம் வந்து உட்கார்ந்தது. இப்போது எல்லாமே மேகலையுடையதுதான். கதை மட்டும் யாராவது சொன்னால் தேவலை போலிருந்தது.

"எந்த வழியா வந்தீங்க?" என்று கேட்டது.

கரையில் வேறு வண்டி இல்லை. பின்னாலிருந்து நுங்கு கொட்டாவி விட்டது.

"நீ வந்த அதே வழியாத்தான், அக்கா."