இலவசமாக வந்த புரோகிராம்

"பையத் தொறந்து காட்டு ஸ்டானிஸ்," என்றார் முதலாளி குணாளன்.

மலேசியாவின் ஈப்போ நகரில் அந்தக் கம்ப்யூட்டர் கடையில் ஸ்டானிஸ்லாசுக்கு அன்று கடைசி நாள். ரப்பர் தோட்டத்தில் உறைந்த கட்டிப்பாலைத் திருடுகிறார்களா என்று பால்மரம் சீவுகிறவர்களைச் சோதிப்பதுபோல, குணாளன் அவனுடைய தூக்குச்சட்டியைக்கூடத் திறந்து பார்த்தார். புரோகிராம் பதிந்த டிஸ்கெட் எதுவும் இல்லை.

"சம்பளக் கணக்கு புரோகிராம் கடைக்குச் சொந்தம்லா. வக்கீலக் கேட்டுட்டேன். நான் சம்பளம் குடுத்து நீ எழுதுனது."

"வச்சுக்குங்கண்ணே. ஆனா அதோட அடிப்படை அமெரிக்காக்காரன் இலவசமா விட்டது. அவன் போட்ட நிபந்தனை இருக்குல்ல?"

"இருக்கு, இருக்கு. நாம மாத்தி வித்தா, உள்ள எழுதுன வரி அத்தனையையும் வாங்குறவனுக்குக் குடுத்துடணும். அவன் இஷ்டத்துக்கு மாத்திக்கலாம். வக்கீலும் அதையேதான் சொன்னாரு."

"குடுத்துட்டீங்களா?"

"இதுவரைக்கும் வாங்குனது ஜெலாப்பாங்குல இருக்குற கையுறை ஃபேக்டரி ஒண்ணுதான். நானே கொண்டுபோய்க் குடுத்தேன். அதப் படிக்க அங்க ஆளே இல்லலா. அலமாரியில தூங்குது."

நாலு வருட உழைப்பை விட்டுப்போகிறவன் முகத்தில் துளி வருத்தம் இல்லாதது குணாளனை உறுத்தியது. பையைத் திருப்பிக் கொடுத்தார்.

"வெறுங்கையோட போறியேடா. அடுத்த வேலை எங்க?"

"அந்தக் கையுறை ஃபேக்டரியிலதாண்ணே," என்றான் ஸ்டானிஸ்லாஸ். "அதப் படிக்கத்தான் ஆள் தேடுனாங்க."