உருக்கமான ஜெபம்

கல்லூரி முதல்வரும் கல்லூரிப் போதகரும் ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்தபோது, பழைய மாணவரான டயர் கம்பெனி முதலாளி கண்ணை மூடிப் படுத்திருந்தார். பிள்ளை குட்டி இல்லாதவர். தன் காலத்துக்குப் பிறகு பாதிச் சொத்து கல்லூரி நூலகத்துக்கு என்று எழுதி வைத்திருந்தார்.

"எப்படிம்மா இருக்கார்?" என்று அவர் தங்கையைக் கேட்டார் முதல்வர்.

"நீங்களே பாருங்கய்யா."

"பயப்படாதீங்கம்மா. காலேஜே இவருக்காக முழங்கால்ல நிக்குது."

போதகர் தொடங்கினார். "ஆண்டவரே, இவருக்கு இன்னும் முப்பது வருஷம் ஆயுசைக் கூட்டித் தாரும்!" அவர் உருகிய உருகலில் பக்கத்து அறைக்காரருக்கே காய்ச்சல் இறங்கியிருக்கும். முதல்வரின் கைக்குட்டை நனைந்தது.

"ஆமென்" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. நோயாளி எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"கர்த்தர் ஜெபத்தைக் கேட்டுட்டார்!" என்ற போதகரே கொஞ்சம் மிரண்டுபோயிருந்தார்.

"டாக்டர் காலையிலேயே வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாருங்க. நீங்க வரட்டும்னுதான் படுத்திருந்தேன். கல் செதுக்குறவர் எங்க வீட்டுக்கு போன் பண்ணினாராம். நூலக வாசலுக்கு என் நினைவுக்கல் தயாராம். பிறந்த தேதி செதுக்கியாச்சாம். இன்னொரு தேதியை வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்றதா நீங்க சொன்னீங்களாம். வெள்ளி உறுதிதானான்னு என் தங்கச்சிகிட்ட கேட்டிருக்கார்."

முதல்வர் போதகரைப் பார்த்தார். போதகர் மின்விசிறியைப் பார்த்தார்.

"கல்லை வீணாக்காதீங்கய்யா, பத்திரமா வையுங்க. போதகர் கேட்ட முப்பது வருஷம் முடியட்டும், தேதியை நானே சொல்லி அனுப்பறேன்."